துரைப்பிள்ளைக் கல்

நீங்களே ஜன்னலோரம் உட்காருங்கக்கா. எனக்கு இன்னிக்குக் குளிர்காத்து ஆகாது. மார் ரெண்டும் கட்டிக்கிட்டுக் கிடக்கு. வேற ஒண்ணுமில்ல, பால்தான். விடியக் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கிட்டிருந்தா. எழுப்பினா முகத்தைப் பார்த்துருவா, அப்புறம் உனக்குக் கால் நகராதுன்னு எல்லாரும் சொன்னாங்க. அதான் அப்படியே வந்துட்டேன். எழுப்பியிருந்தா அவளும் குடிச்சிருப்பா, எனக்கும் பாரம் இறங்கியிருக்கும். இப்ப பாருங்க, காய்ச்சல்காரி மாதிரி துண்டைப் போர்த்திக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்.

நீங்க எத்தனை பெத்தீங்க? மூணா. அப்ப உங்ககிட்ட என்ன வெட்கம்.

திண்டுக்கல் வரைக்கும் போறேன். ஸ்டேஷன்ல எங்க மேடம் காத்துக்கிட்டிருப்பாங்க. அங்கிருந்து சென்னை, அப்புறம் ஏரோப்பிளேன். ஸ்காட்லாந்துக்கா. லண்டனுக்கும் மேல, குளிர் கூடுன ஊராம். மேடத்தோட பையன் ரோரியைப் பார்த்துக்கிற வேலை. ஆறு மாசம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிரும். என் பிள்ளை வீட்டுலதான் இருக்கா. எட்டு மாசம் ஆச்சு. அத்தை பார்த்துக்கும். மாமியாரைத்தான் அத்தைன்னு சொல்றேன்.

நீங்களும் அதே மாதிரிதான் பார்க்கிறீங்க. ஊரே அப்படித்தான் பார்த்துச்சு. ஏன்க்கா, இந்தக் காலத்துல போன் இருக்கு. தினமும் வீடியோவுல முகம் பார்க்கலாம், சிரிக்கிற சத்தம் கேட்கலாம். அந்தக் காலத்துல எங்க ஊர்ல இருந்து ஒருத்தி போனாளே, அவளை மாதிரியா? பாவம், அவகிட்ட என்ன இருந்துச்சு?

யாருன்னா, அந்தக் கதையைத்தானே மேடம் ஆராய்ச்சி பண்ண வந்தாங்க. சொல்றேன். இந்த வளைவெல்லாம் முடியிற வரைக்கும் பேசிக்கிட்டே வந்தாத்தான் எனக்கும் குமட்டாது.

எங்க ஊர் ஈச்சம்பாறை. காப்பியும் மிளகும் ஆரஞ்சும்தான். ஊருக்கு மேல ஒரு இடிஞ்ச பங்களா இருக்கு. கூரை கிடையாது, சுவருக்குள்ள அரச மரம் முளைச்சு நிக்குது. கிரெய்க்மூர்னு ஒரு துரை குடும்பம் கட்டினது, நூத்தம்பது வருஷம் இருக்கும். அதுக்குக் கீழ, ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னக் கல்லறை. தொட்டில் அளவுதான். ஆனா நல்லாக் கொத்தி வழவழன்னு இழைச்ச கல்லு. அதைத் துரைப்பிள்ளைக் கல்லுன்னு சொல்லுவோம்.

எங்க ஊர்ல ஒரு வழக்கம். பிள்ளை பெத்தவ தீட்டுக் கழிஞ்சு முதமுதல்ல வாசல் தாண்டினா, கோயிலுக்குப் போறதுக்கும் முன்னாடி அந்தக் கல்லுக்குத்தான் போகணும். பாலாடைச் சங்குல கொஞ்சம் பாலைப் பீய்ச்சிக் கல்லு மேல ஊத்தி, "இது உனக்கு, மிச்சம் என் பிள்ளைக்கு"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பார்க்காம வந்துரணும். அப்புறம் பிள்ளை பால் மறக்கிற வரைக்கும் செவ்வாய்க்கிழமை தவறாம ஊத்தணும். துரைசாணிக்குப் பால் வத்திப்போயி, அவங்க பிள்ளை பசியிலேயே செத்துப்போச்சாம். அது பால் வாசனைக்கு அழுமாம். ஊத்தாம விட்டா நம்ம பாலை இழுத்துக்கிருமாம்.

நான் கீழ பள்ளத்துப்பட்டியில பிறந்தவ. அந்த ஊர் ஸ்கூல்லயே பன்னெண்டாவது வரைக்கும் படிச்சேன். இதையெல்லாம் கேட்டப்ப சிரிச்சேன். அத்தை முறைச்சுச்சு. சரி, ஊத்துறதுனால என்ன குறைஞ்சு போகுதுன்னு ஊத்தினேன். ஒரு வாரம் மறந்துட்டேன். அந்த வாரம்தான், உச்சி வேளையில, மிளகு காயப்போட்டிருந்த பாயைப் புரட்டிட்டு ஓடைப் பக்கமா வர்றேன். என் பிள்ளை வீட்டுல தூங்குறா. பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்ல. முதல்ல பூனைன்னு நினைச்சேன். அப்புறம் நல்லாவே கேட்டுச்சு. பிறந்து ரெண்டு மூணு மாசப் பிள்ளை அழுமே, மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சு, அந்த மாதிரி. நான் ஓடல. ஓடணும்னு தோணவே இல்ல. குனிஞ்சு பார்த்தா ஜாக்கெட் நனைஞ்சு கிடக்கு.

பயம்னு சொல்ல முடியாதுக்கா. ஒரு பிள்ளை அழுதா உடம்பு கேட்டுருது. அது யார் பிள்ளைன்னு விசாரிச்சுக்கிட்டா இருக்கு?

மேடம் வந்தது தை மாசம். எல்ஸ்பெத்னு பேரு. எங்க ஊர் வாயில அது நுழையாம எல்சியம்மா ஆயிருச்சு. சென்னைக்காரரைக் கட்டி ஆறு வருஷமா இங்கதான் இருக்காங்க. தமிழ் பேசுவாங்க, ஆனா பாடப்புத்தகம் பேசுற மாதிரி. எல்லாருக்கும் மரியாதை. எங்க வீட்டு நாயைக்கூட "வாருங்கள், உட்காருங்கள்"னுதான் கூப்பிடுவாங்க. அது யாரையோ சொல்றாங்கன்னு திரும்பிப் பார்க்கும்.

கைப்பிள்ளையோட வந்திருந்தாங்க. ரோரி. அப்ப அஞ்சு மாசம். வெண்ணெய் உருண்டை மாதிரி இருப்பான். மேடத்தோட பாட்டிக்குத் தாத்தா எங்க பங்களாவுலதான் பிறந்தாராம். அந்தக் குடும்பத்தோட கதையைப் புத்தகமா எழுதறாங்க. கூடமாட இருக்க, ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை தெரிஞ்ச பொண்ணு வேணும்னு பஞ்சாயத்துல கேட்க, எங்க வீட்டுக்காரர் என்னைக் கொண்டுபோய் நிறுத்திட்டாரு. அவர் ஜீப் ஓட்டுறாரு, மேடத்தை மேல ஏத்திவிட்டவரே அவர்தான்.

அவங்க தங்கின வீட்டுச் சுவர்ல பெரிய உலகப்படம் ஒண்ணு ஒட்டியிருந்தாங்க. அதுல சிவப்பு நூல் ஓடும். ஸ்காட்லாந்துல கிளம்பி ஜமைக்கா, அங்கிருந்து திரும்பி எங்க மலை, மறுபடி ஸ்காட்லாந்து, மறுபடி ஜமைக்கா, சிலோன், நியூசிலாந்து. ஒரே குடும்பம்க்கா. எங்க ஊர்ல தேனிக்குப் போய்ட்டு வந்தாலே ஒரு வாரம் பேசுவாங்க. ஒவ்வொரு ஊர்லயும் என்ன வீடு, என்ன மரம் நட்டாங்க, யாருக்கு என்ன காய்ச்சல், எல்லாம் மேடத்துக்கு அத்துபடி. துரை ஏறின குதிரைக்குப் பேர் என்னன்னுகூடச் சொல்லுவாங்க. பங்களா தோட்டத்துல புதரை வெட்டினப்ப ஒரு கல்லு தட்டுச்சு. தேய்ச்சுக் கழுவினா எழுத்து. அவங்க வளர்த்த நாயோட கல்லறையாம். பேரு, ஊரு, நல்ல நாய்னு சர்ட்டிபிகேட், எல்லாம் வெட்டியிருந்தாங்க. மேடம் அதைத் தடவித் தடவி அழுதாங்க. அவ்வளவு ஆசை அவங்களுக்கு, போனவங்க மேல. படிச்சவங்க பாசமே தனிதான்.

நான் பெரும்பாலும் ரோரியை வச்சுக்கிட்டு மரத்தடியில உட்கார்ந்திருப்பேன். மேடத்துக்குப் பிரசவத்துக்கு அப்புறம் விஷக்காய்ச்சல் வந்து பால் நின்னுபோச்சு. டப்பாப் பால்தான். அது மலைத் தண்ணிக்கு ஒத்துக்கல, குடிச்சதெல்லாம் கக்குவான். ஒருநாள் அழுது அழுது நீலமாயிட்டான். மேடம் பங்களாவுக்குள்ள எங்கயோ அளந்துக்கிட்டு இருக்காங்க. என்ன பண்றது? எனக்கு வேற ஊறிக்கிட்டு நிக்குது. சேலையை இழுத்து மூடி வாயில வச்சுட்டேன். ஒரே நிமிஷம். கப்சிப். கண்ணை என் மேலயே வச்சுக்கிட்டுக் குடிக்கிறான்.

நிமிர்ந்தா மேடம் நிக்கிறாங்க. திட்டப் போறாங்கன்னு நினைச்சேன். கிட்ட வந்து மண்டி போட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னையில இருந்து அது பழக்கமாயிருச்சு. பையன் பத்தே நாள்ல தேறிட்டான். என் பிள்ளைக்குக் குறையலக்கா, அப்படியெல்லாம் நினைச்சுராதீங்க. கொஞ்சம் சீக்கிரமே கூழ் ஊட்ட ஆரம்பிச்சோம், அவ்வளவுதான். அவளும் சமத்து, குடிச்சுக்குவா. அத்தைதான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிச்சு. நான் வீட்டுக்கு வந்தா, பிள்ளையைக் கொண்டுவந்து மடியில போட்டுட்டு, பக்கத்துலயே நின்னு அவ தொண்டை ஏறி இறங்குறதைப் பார்க்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அத்தையும் பால் ஊத்தக் கிளம்பினோம். மேடத்தையும் கூட்டிக்கிட்டுப் போனேன். எனக்குப் பெருமைக்கா. இவங்க உலகம் பூரா அலைஞ்சு சொந்தத்தைத் தேடுறாங்க, இவங்க வீட்டுப் பிள்ளைக்கு நாங்க இத்தனை காலம் பால் ஊத்துறோம்னு காட்டணும்ல. போற வழியெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கிட்டே போனேன். கல்லுப் பக்கத்துல போனதும், இங்கதான் மேடம் உங்க குட்டித் துரை படுத்திருக்காரு, நாங்க ஒரு நாளும் பட்டினி போட்டதில்லன்னேன்.

மேடம் அப்படியே நின்னுட்டாங்க. அப்புறம் உட்கார்ந்து, கல்லு மேல இருந்த பாசியைத் தன் துப்பட்டாவால துடைச்சாங்க. தலைமாட்டுல ஒரு சதுரம் கண்ணாடி மாதிரி இழைச்சிருக்கும், அங்க ஒரு எழுத்தும் கிடையாது. மழை அரிச்சு எழுத்து அழிஞ்சுபோச்சுன்னு நாங்க சொல்லுவோம். மேடம் அதை விரலால தடவிப் பார்த்தாங்க. திரும்பினப்ப முகத்துல ரத்தமே இல்ல.

"ஆர்ச்சி இங்கே இல்லை, சுகந்தி. ஆர்ச்சி எங்கள் ஊரில் இருக்கிறார். எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்து இறந்தார். அவர் கல்லறையில் நானே பூ வைத்திருக்கிறேன்."

எனக்கு ஒண்ணும் புரியல. ஆர்ச்சிதான் அந்தக் குட்டித் துரை, மேடத்தோட பாட்டிக்குத் தாத்தா. அதாவது, நாங்க பசியில செத்ததுன்னு சொல்ற பிள்ளை பெரிய ஆளாகி, கல்யாணம் பண்ணி, பேத்தியெல்லாம் எடுத்துத்தான் போய்ச் சேர்ந்திருக்காரு. அப்ப இது யாரு?

மேடம் அங்கயே உட்கார்ந்து சொன்னாங்க. சின்ன வயசுல பாட்டி வீட்டுல சாப்பிடும்போது அடிக்கடி சொல்ற கதையாம். இந்த மாதிரி ஒரு கல்லு எங்கயோ இருக்குன்னு தெரியுமாம், எந்த இடம்னு தெரியாதாம். துரைசாணிக்குப் பால் வத்தினது நிஜம். உடனே எங்க ஊர்ல பிள்ளை பெத்திருந்த ஒருத்தியைக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பால் கொடுக்க வச்சிருக்காங்க. பிள்ளை அவளை விட்டு யார்கிட்டயும் போகாதாம். அவங்க ஊருக்குக் கிளம்பினப்ப, கப்பல்ல எங்க ஊர் வரைக்கும் வா, கொஞ்ச மாசத்துல திருப்பி அனுப்புறோம்னு அவளையும் ஏத்திக்கிட்டாங்க. அவ பிள்ளையைக் கூட ஏத்தல. அது இங்க, அவ மாமியார்கிட்ட.

அந்த மழைக்காலத்துலயே அது போயிருச்சு.

சேதி கடல் தாண்டிப் போயிருக்கு. ஆனா அவகிட்டச் சொல்லல. சொன்னா பால் வத்திரும்ல. அப்படியே அங்கிருந்து ஜமைக்காவுக்கும் கூட்டிக்கிட்டுப் போய்ட்டாங்க. ஆர்ச்சி பால் மறந்ததுக்கு அப்புறம்தான் சொன்னாங்களாம். துரைசாணிக்கு நல்ல மனசு, மேடம் பாட்டி அப்படித்தான் கதையை முடிக்குமாம். வேலைக்காரி பிள்ளைக்கு யாரு கல்லு வைப்பா? நல்ல கல்லா வைக்கச் சொல்லித் தோட்டத்து மேனேஜருக்குச் சொல்லி அனுப்பினாங்களாம். அவரும் வச்சுட்டு, என்ன பேரு வெட்டணும்னு கேட்டாராம். பதில் வரவே இல்லையாம்.

அத்தைக்குப் பாதிதான் புரிஞ்சுச்சு, மீதியை நான் சொன்னேன். கையில பாலாடையை வச்சுக்கிட்டு அப்படியே தரையில உட்கார்ந்துருச்சு. "அப்ப நம்ம பிள்ளையத்தான் வெள்ளக்காரப் பிள்ளைன்னு சொல்லி இத்தன காலமும் திரும்பிப் பாக்காம வந்தமா?"ன்னு கேட்டுச்சு. யாரைக் கேட்டுச்சுன்னு தெரியல. அப்புறம் மேடத்தைப் பார்த்து, அது ஆம்பளைப் பிள்ளையா பொம்பளைப் பிள்ளையான்னு கேட்டுச்சு. மேடத்துக்குத் தெரியல. அழுதாங்க.

அந்தப் பொம்பளையோட படம் இருக்குக்கா, மேடம் போன்ல காட்டினாங்க. ஸ்காட்லாந்துல ஸ்டூடியோவுல எடுத்தது. துரை, துரைசாணி, மூத்த பிள்ளைக ரெண்டு, காலடியில ஒரு நாய். ஓரமா ஒரு நாற்காலியில நம்ம ஊர்க்காரி, கம்பளியைப் போர்த்திக்கிட்டு, மடியில கொழுகொழுன்னு ஆர்ச்சி. கீழ எல்லார் பேரும் இருக்கு, நாய் பேரும் இருக்கு. இவளுக்கு ஆயான்னு மட்டும் போட்டிருக்கு. மேடம் படத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க. மூக்கு அப்படியே என்னோடதாம். நான் சிரிச்சுட்டேன். அவ கொஞ்சம் சிரிச்ச மாதிரி இருந்திருக்கலாம் மேடம்னேன். அந்தக் காலத்துல அசையாம உட்காரணுமாம், சிரிக்கக் கூடாதாம்.

உண்மையைச் சொல்லணும்னா எனக்கு அவ மேலதான் கோபம். துரையா இருந்தா என்ன, என் பிள்ளையையும் ஏத்துனாத்தான் வருவேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? எப்படிக்கா மனசு வந்துச்சு? எழுத்து வாசனை இல்லாத காலம், யாரு என்ன சொன்னாலும் நம்பிப் போயிருப்பா. அதுக்குத்தான் பொம்பளைக படிக்கணும்னு சொல்றது.

அதுக்கப்புறம் எங்க ஊர்ல நடந்ததைக் கேளுங்க. சேதி பரவிருச்சு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஒருத்தியும் "மிச்சம் என் பிள்ளைக்கு"ன்னு சொல்லல. வாய் வரல. யாரும் அவசரமா திரும்பியும் வரல, உட்கார்ந்து பேசிட்டு வந்தாங்க. ஒருத்தி கிலுகிலுப்பை வச்சா, ஒருத்தி கல்லுக்குக் கன்னத்துல பொட்டு வைக்கிற மாதிரி மை தொட்டு வச்சா. பேர் தெரியாததுனால ஆளுக்கு ஒரு பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க, கண்ணு, செல்லம், தங்கம்னு. மேடம் சலவைக்கல்லுல அவங்க குடும்பத்துப் பேர் போட்டு, மன்னிக்கணும்னு எழுதி ஒரு பலகை வைக்கணும்னு கேட்டாங்க. அத்தைதான் மறுத்துருச்சு. அதோட பேரே இல்லாத எடத்துல உங்க பேரு எதுக்கும்மான்னு கேட்டுச்சு. மேடம் அதைத் தப்பா எடுத்துக்கல.

ஆனா ஒண்ணு. அன்னையில இருந்து அந்த அழுகைச் சத்தம் நின்னுபோச்சு. உச்சி வேளையில போய்ப் பார்த்தாச்சு, சாயங்காலம் போய்ப் பார்த்தாச்சு. ஓடைச் சத்தம்தான். சாந்தியாயிருச்சுன்னு பூசாரி சொன்னாரு. பொம்பளைக யாருக்கும் அப்படித் தோணல. என் ஓரகத்தி ரோஸ்மணி ஒருநாள் சொன்னா, அழுதுக்கிட்டிருந்த வரைக்கும் அது எங்க இருக்குன்னாவது தெரிஞ்சுச்சுன்னு. அவ எப்பவும் அப்படித்தான், ஏதாவது சொல்லிப் பயமுறுத்துவா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கல.

மேடம் வேலை முடிஞ்சுருச்சு. இனி ஊருக்குப் போய் உட்கார்ந்து எழுதணுமாம். ரோரி வேற யார்கிட்டயும் போக மாட்டேங்கிறான். யாராவது ஏந்தி வாங்கினா கத்துறான், என் சேலை வாசம் வந்தாத்தான் அமைதி. அதைச் சொல்லும்போது எனக்கே ஒரு மாதிரி பெருமையா இருந்துச்சு. ஆறு மாசம் மட்டும் வாங்க சுகந்தி, நானே கூட்டிக்கிட்டு வந்து விடுறேன்னாங்க. நல்ல சம்பளம். பாஸ்போர்ட்டுக்கு மதுரைக்கு அவங்களே கூட்டிக்கிட்டுப் போனாங்க. நான் ஊர் பார்த்தவளா? நாளைக்கு என் பிள்ளையைக் கீழ நல்ல இங்கிலீஷ் மீடியத்துல சேர்க்கலாம், வேன் வந்து கூட்டிக்கிட்டுப் போகும். அவளுக்காகத்தானேக்கா போறேன். அவளையும் கூட்டிக்கிட்டு வரட்டுமான்னு கேட்கலாம்னு இருந்தேன். ரெண்டு பிள்ளையை வச்சுக்கிட்டு எப்படி வேலை பார்ப்பேன்னு நானே விட்டுட்டேன். மேடமும் அந்தப் பேச்சை எடுக்கல.

வீட்டுக்காரருக்குச் சந்தோஷம். அத்தைதான் நேத்துச் சாயங்காலம் என் பையில துணியை மடிச்சு வச்சுக்கிட்டே சொல்லுச்சு. "போறதுன்னா போ. பிள்ள பேர மட்டும் அந்தம்மாகிட்டச் சொல்லிட்டுப் போ."

இது என்ன பேச்சுக்கா? மூணு மாசம் எங்க கூடப் புழங்குனவங்க. பேபி எப்படி இருக்கிறாள், பேபிக்கு இது கொடுங்கள்னு பிஸ்கட்டும் பொம்மையும் வாங்கித் தந்தவங்க. பேர் கேட்கல, அதுக்கென்ன? ஒரு தலையில எத்தனை பேரைத்தான் வச்சுக்குவாங்க, அத்தனை தலைமுறை, அத்தனை ஊரு. நானும் சொல்லலாம்னுதான் நினைச்சேன். பேச்சு வாக்குல மறந்துருச்சு. ஸ்டேஷன்ல பார்த்ததும் முதல் வேலையா சொல்லிரணும்.

பேரா? தன்ஷிகா. பாருங்க, நீங்க கேட்டுட்டீங்க.

அதுக்குள்ள வத்தலக்குண்டு வந்துருச்சா. கதை பேசினதுல வளைவு முடிஞ்சதே தெரியல. டிரைவர் டீ குடிக்க இறங்குறாரு, பத்து நிமிஷம் நிக்கும். இருங்கக்கா, வளைவுல சிக்னல் இருக்காது, இப்பத்தான் போன் அடிக்குது. அவர்தான்.

சொல்லுங்க. ஆமா, வத்தலக்குண்டு வந்தாச்சு. வாந்தியெல்லாம் இல்ல. அவ எழுந்திரிச்சாளா? அழுதாளா?

அழவே இல்லையா?

சரி. கூழு குடிச்சாளா? ம். அத்தை எங்க? ஏன், அத்தை போன்ல பேசாதாமா? கல்லுக்கா போயிருக்கு? இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை இல்லையே.

அப்ப பிள்ளைகிட்ட யாரு இருக்கா? நீங்க வாசல்ல ஜீப் துடைச்சுக்கிட்டிருந்தா அவகூட யாரு உள்ள? யாரும் இல்லைன்னா எப்படிச் சிரிப்பா? கையை நீட்டி நீட்டியா? சும்மா சொல்லாதீங்க, ரோஸ்மணி பிள்ளைக வந்திருக்கும். ஸ்கூலுக்குப் போயிருச்சுகளா. சரி. சரி. நான் வைக்கிறேன். ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன். வைக்கிறேன்.

பார்த்தீங்களாக்கா, என் பிள்ளை சமத்துன்னு சொன்னேன்ல. விடிஞ்சதுல இருந்து அழவே இல்லையாம். தொட்டில்ல கிடந்துக்கிட்டு, பக்கத்துல பார்த்துப் பார்த்துத் தானா சிரிச்சுக்கிட்டு இருக்காளாம். யாரோ விளையாட்டுக் காட்டுற மாதிரி இருக்காம். என்னைத் தேடவே இல்லையாம். நீ நிம்மதியாப் போன்னு சொல்றாரு.

நல்லதுதானேக்கா. தேடினாத்தானே கஷ்டம்.

எட்டு மாசத்துல பிள்ளைக தானா சிரிக்கும்ல? உங்க மூணும் சிரிச்சுச்சா, யாரும் இல்லாதப்ப? ஒரே பக்கம் பார்த்தா?

இல்ல, சும்மா கேட்டேன்.

இந்த எதிர்ல நிக்குறது மேல போற வண்டியா? கண்டக்டர் ஏறிட்டாரா பாருங்க. நான் இறங்கிக் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்துடறேன், என் பையைப் பார்த்துக்குங்க.

இல்லக்கா. அந்தப் பையையும் எடுத்துக் கொடுத்துருங்க.